நாலாவது ஃபாரம்

ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், அம்மா நலம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டால் நான் எப்படி நலமாக இருப்பேன் என்று அது தினமும் கேட்கிறது. உன் விடுதிச் சாப்பாடு இப்போதாவது வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசும்போது நான் பக்கத்திலேதான் இருப்பேன். போனைக் கையில் வாங்கினால் எனக்கு வார்த்தை தொண்டையிலேயே நின்றுகொள்ளும். தாளில் அப்படி நிற்காது. அதனால்தான் கடிதம்.

நான் பைண்டிங் கூடத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இங்கே பேசத் தேவையில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாள்கள் வரும். ஒரு தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். அதற்குப் பெயர் ஃபாரம். விரித்த தாளில் ஒன்றாம் பக்கத்தின் அருகில் பதினாறாம் பக்கம் இருக்கும், அதன் தலைமேல் ஒன்பதாம் பக்கம் தலைகீழாக நிற்கும். மடித்த பிறகுதான் எல்லாம் ஒழுங்காக வரிசைக்கு வரும். எனக்கு இப்போது தலைகீழாகவும் படிக்க வருகிறது.

புதிதாக ஒரு நாவல் வந்திருக்கிறது. இரண்டு இளவரசிகள், அக்காவும் தங்கையும். ஒரு தீவு ராஜ்யம். அந்த வீட்டுப் பெண்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மந்திர சக்தி வரும். மூத்தவள் தொட்டால் அணைந்த விளக்கு எரியும். இளையவள் வாயைத் திறந்து சொன்னால் பூட்டிய கதவு திறக்கும். யாருடைய சக்தி பெரியதோ அவளுக்குத்தான் சிம்மாசனம். அதனால் சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் போட்டி.

கஷ்டம் என்னவென்றால், ஃபாரங்கள் வரிசையாக வருவதில்லை. முதலில் வந்ததே ஒன்பதாவது. அதில் இளையவள் மணிக்கூண்டில் அடைபட்டிருக்கிறாள். அவளுக்குக் குரல் இல்லை. குரல் போனதால் கதவைத் திறக்கச் சொல்லவும் முடியவில்லை. குரல் எப்படிப் போனது என்று முன்னால் எங்கேயோ இருக்கிறது. வர வர உனக்கு எழுதட்டுமா?

ஏப்ரல் விடுமுறைக்காவது வருவாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போன இரண்டு விடுமுறைக்கும் நீ வரவில்லை. வீட்டில் இப்போது என்னைக் கோட்டான் என்று கூப்பிட ஆள் இல்லை.

அன்புடன்,
உன் தங்கை


ஜனவரி 29

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். சாப்பாடு அதே பழைய சாப்பாடுதான், நாக்குதான் பழகிவிட்டது. அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்.

நர்ஸ் பயிற்சி இரண்டாம் வருடத்தில் வார்டில்தான் பாதி நாள். கால் வலித்தால் உட்காரக்கூட மேட்ரன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கதையை எழுது. இங்கே என் அறையில் இருப்பவளுக்கும் சொன்னேன். அவள் கேட்கிறாள், அந்தக் குரலை யார் எடுத்தது என்று. எனக்கும் அதுதான் கேள்வி.

விடுமுறை பற்றி இன்னும் பட்டியல் போடவில்லை.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘கேட்க மாட்டாள்’ என்ற இடத்தை விட்டுவிட்டேன். ஒத்தடம் கொடுக்கிறாள். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலமில்லை என்றாலும் நீ எழுத மாட்டாய் என்பதும் தெரியும்.

ஆறாவதும் பதினொன்றாவதும் வந்தன. குரலை எடுத்தது மூத்தவள்தான். ஆறாவது ஃபாரத்தில் அவள் ஒரு கண்ணாடிச் சிமிழை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிறாள். அதற்குள் தங்கையின் குரல் இருக்கிறது. யாரும் கேட்டுவிடக் கூடாதென்று துணி சுற்றி வைத்திருக்கிறாள். ஆனால் எப்படி எடுத்தாள் என்பது நாலாவது ஃபாரத்தில் இருக்கிறது. அது அச்சில் மை பரவிக் கெட்டுப்போய், மறுபடி அடிக்கிறார்களாம்.

எங்கள் கூடத்தில் என்னைத் தவிர மூன்று பேர். மேஸ்திரி, நூல் தைக்கிற அக்கா, பசைக்காரர். தைக்கிற அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிப்பதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, தாளு உன்னைப் பாக்குதா, நீ தாளைப் பாக்குறியா?” என்றாள். நான் தாளை மடித்தேன். பசைக்காரர்தான் சொன்னார்: “அதை விடு, அது வாயில நம்ம பசையை யாரோ தடவிட்டாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு இல்லை அது.

ஏப்ரலுக்குப் பட்டியல் போட்டாயிற்றா? உன் கட்டிலில் அம்மா துணி மூட்டையை வைத்திருந்தாள். நான் எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 16

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீங்களும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். மூத்தவளைக் கெட்டவள் என்று இப்போதே முடிவு கட்டாதே. நீ நடுவிலிருந்து படிக்கிறாய். மூத்தவளாகப் பிறந்து பார்த்தால் தெரியும். தங்கை கதவைத் திறந்தால் ஊரே கைதட்டும், அக்கா விளக்கை ஏற்றினால் ‘ஏத்தட்டும், அதுக்குத்தானே மூத்தவ’ என்பார்கள். அவள் வேண்டுமென்றே எடுத்திருக்க மாட்டாள். ஏதோ நடந்திருக்கும். நாலாவது வந்ததும் எழுது.

என் வார்டில் தொண்டை ஆபரேஷன் செய்த ஒருவர் இருக்கிறார். வாடகை வண்டி ஓட்டுபவர். பேசக் கூடாது என்று உத்தரவு. ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அவசரமாகப் படித்துத் தப்பாகப் புரிந்துகொண்டால் சிலேட்டை அழித்துவிட்டு, ‘மெதுவா’ என்று பெரிதாக எழுதுவார்.

ஏப்ரலில் எனக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள். வர முடியாது. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னாள். துணி மூட்டையை மறுபடி உன் கட்டிலில் வைத்துவிட்டாள்.

நாலாவது ஃபாரம் நேற்று வந்தது. நீ கேட்டதால் முழுவதையும் எழுதுகிறேன்.

இளையவளுக்குப் பதினான்கு வயது. சபை கூடியிருக்கிறது. அவள் மேடையேறி ஏழு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் கோட்டையின் பெரிய கதவு திறக்கும். ஒரு மாதமாக அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், குளிக்கும்போது, படி ஏறும்போது, தூக்கத்தில்கூட. இரண்டு வார்த்தை நன்றாக வருகிறது. மூன்றாவது தொண்டையில் நின்றுவிடுகிறது. முதல் எழுத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். பிறகு சபை முழுக்கச் சிரிப்பு.

அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் அக்கா இருக்கிறாள், அவளைப் பார்த்தால் வார்த்தை வந்துவிடும் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தோள் குலுங்குகிறது.

அப்போதுதான் குரல் போனது. யாரும் மந்திரம் போட்டு எடுக்கவில்லை. அது ஒரு கண்ணாடி மணி மாதிரி வாயிலிருந்து கீழே விழுந்து, உருண்டு உருண்டு, அக்காவின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அக்கா குனிந்து எடுத்தாள். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் மறைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தங்கை இருக்கும் அறைக்குள் அவள் வருவதேயில்லை.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் கோட்டை வர்ணனை.

தங்கை


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் மார்ச் முதல் தேதி எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததா? நாலு ஞாயிறாக நீ போனில் அம்மாவிடம் இரண்டு நிமிடம்தான் பேசுகிறாய். ‘ராப்பகலா வேலையாம் பாவம்’ என்கிறாள் அம்மா. ஒருவேளை தபாலில் தொலைந்திருக்கலாம். தொலைந்திருந்தால் பரவாயில்லை, பெரிதாக ஒன்றும் எழுதவில்லை.

எல்லா ஃபாரமும் வந்துவிட்டன. மொத்தம் பதினெட்டு. மடித்து முடித்து, இனி வரிசையாக அடுக்கித் தைக்க வேண்டும். நீளமான மேஜையில் பதினெட்டு அடுக்கு இருக்கும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டே ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்தால் ஒரு புத்தகம். மூவாயிரம் புத்தகத்துக்கு மூவாயிரம் நடை. உன் வார்டு நடையும் என் மேஜை நடையும் சேர்ந்தால் நாம் எங்காவது சந்தித்திருக்கலாம்.

அக்கா, அது வெறும் கதைதானே. அதைப் பற்றி நீ ஒன்றும் நினைக்க வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 11

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். பரீட்சை நடந்தது. கடிதம் எதுவும் தொலையவில்லை.

அந்தப் புத்தகம் எனக்கு ஒன்று வேண்டும். நானே படித்துப் பார்க்க வேண்டும். அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் நலம் நாங்களும் நலம் என்றே தொடங்குகிறேன். பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய்.

ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார். என்னுடையதை இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். ஆனால் இது அடுக்கும்போது தவறிப்போன பிரதி. நாலாவது ஃபாரம் இல்லை, அதற்குப் பதில் ஐந்தாவது இரண்டு முறை வருகிறது. நாற்பத்தெட்டாம் பக்கத்திலிருந்து நேராக அறுபத்தைந்தாம் பக்கத்துக்குத் தாவும். நடுவில் நடந்ததுதான் உனக்கு ஏற்கெனவே தெரியுமே. அதனால் படிப்பதற்கு ஒன்றும் குறையாது.

முடிவை நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நேற்று கூடத்தில் எல்லாப் புத்தகமும் கட்டி முடிந்தது. இருபது இருபதாகத் தாள் சுற்றி நூற்றைம்பது கட்டு. கடைசியில் மேஸ்திரி மிச்ச ஃபாரங்களை எண்ணுவார். எனக்கு அது தெரியாது. நான் பார்த்த புத்தகங்கள் எல்லாம் சின்னவை, அவற்றுக்கு இப்படி எண்ணவில்லை. எல்லா எண்ணிலும் முப்பது மிஞ்ச வேண்டும். நாலில் முப்பத்தொன்று இருந்தது. ஐந்தில் இருபத்தொன்பது.

“நாலுல ஒண்ணு கூட, அஞ்சுல ஒண்ணு குறைச்சல்” என்றார் மேஸ்திரி. “எந்த மகராசன் அடுக்கினது?”

“எண்ணினதுல பிசகியிருக்கும்” என்றார் பசைக்காரர்.

“என் கல்யாண நாளு பிசகும்யா. எண்ணிக்கை பிசகாது. ஏதோ ஒரு புத்தகத்துல நாலு இல்ல. கடைக்குப் போனா நம்ம மானம் போகும். எல்லாக் கட்டையும் பிரிங்க. ஒண்ணு ஒண்ணாப் பாக்கணும்.”

தைக்கிற அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “மூவாயிரமா? மேஸ்திரி, அதுக்கு என்னை அந்தக் கட்டிங் மெஷின்ல வெச்சு ஒரேடியா வெட்டிடுங்க.”

பசைக்காரர் முதல் கட்டின் நூலை அறுத்தார். எந்தப் புத்தகம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், அது உன் கையில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவது கட்டையும் அறுத்தார். அப்போது சொல்லிவிட்டேன். “நான்தான்.”

யாருக்கும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம். மறுபடி சொன்னேன், நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. “நான்தான்! பிரிக்காதீங்க! அது என்னோட பிரதி. நான்தான் எடுத்தேன்.”

கூடமே நின்றுவிட்டது. மேஸ்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “இதுக்குப் பேச வருமா?”

“எட்டு மாசமாச் செவுரு மாதிரி நின்னுச்சு” என்றார் பசைக்காரர். “இப்பப் பாரு, செவுரு இடிஞ்சு விழுது.”

யாரோ சிரித்தார்கள். நானும் விடவில்லை. என் பிரதியை நானே அடுக்கினேன், நாலை வைக்கவில்லை, இளைத்துத் தெரியக் கூடாதென்று ஐந்தை இரண்டாக வைத்தேன், வேறு எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை என்று முழுவதும் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் வார்த்தை நின்றது. அவர்கள் காத்திருந்தார்கள்.

“சரி, ஏன் நாலை மட்டும் எடுத்தே?” என்று மேஸ்திரி கேட்டார். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. அவர் மிஞ்சிய அந்த நாலாவது ஃபாரத்தை என் கையில் வைத்தார். “புத்தகம்னா முழுசா இருக்கணும். யாருக்குக் குடுத்தியோ அவங்களுக்கு இதையும் அனுப்பிடு. மறுபடி இப்படிப் பண்ணினா உன்னையும் சேர்த்து அட்டை போட்டுடுவேன்.”

வேலை போகவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு உடம்பே லேசாக இருந்தது. இனி கூடத்தில் என் பெயர் ‘நாலாம் நம்பர்’.

ஆக, அது தவறிப்போன பிரதி இல்லை. உன்னிடம் பொய் எழுதினேன். அந்த ஃபாரம் என் அலமாரியில் இருக்கிறது. இன்னும் அனுப்பத் தைரியம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு வேண்டிய தைரியத்தைக் கூடத்தில் நேற்றே செலவழித்துவிட்டேன்.

நீ நலமா? இதைக் கடமைக்குக் கேட்கவில்லை.

தங்கை


மே 9

அடி ஊமைக்கோட்டான்,

நான் நலமில்லை. இதுவரை எழுதிய ‘சுகம்’ எல்லாம் சும்மா. இன்று கொஞ்சம் நலம். ஏன் என்று கடைசியில் தெரியும்.

உன் கடிதம் வந்த மறுநாள் புத்தகக் கடைக்குப் போனேன். நின்றபடியே நாற்பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து அறுபத்துநாலு வரை படித்தேன். கடைக்காரர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.

அதில் சபை இல்லை. மேடை இல்லை. ஏழு வார்த்தை இல்லை. மூத்தவள் ஒரு கிழவியிடம் வெள்ளி நூல் வாங்கி வந்து, தூங்குகிற தங்கையின் தொண்டையிலிருந்து குரலை இழுத்துச் சிமிழில் அடைக்கிறாள். சிம்மாசனத்துக்காக. யாரும் சிரிக்கவேயில்லை.

சிரித்தது நான்தான்.

பள்ளிக்கூட ஆண்டு விழா. நீ வரவேற்புரை. ‘வருகை’ என்ற வார்த்தையில் நின்றுவிட்டாய். என் பக்கத்தில் இருந்தவள் என் விலாவில் இடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ எனக்கு யாரோ என்பது போலச் சிரித்தேன். அடுத்த நொடியே நிறுத்தினேன், ஆனால் அந்த ஒரு நொடியில்தான் நீ திரும்பினாய். பார்த்தாயா இல்லையா என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. பார்த்திருக்க மாட்டாய் என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் வரும்.

மறுநாள் நீ பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கப்புறம் போகவேயில்லை. அம்மா என்னைக் கேட்டபோது, ‘அவளுக்குப் படிப்பு ஏறல, விடும்மா’ என்று சொன்னது நான். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சிரித்ததைவிட இதுதான் பெரிய தப்பு.

இரண்டு விடுமுறைக்கும் டியூட்டி இல்லை. ஏப்ரலிலும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை போவேன். ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். நீ எதிரே வந்து நின்றால் என்ன பேசுவது?

மார்ச்சில் உன் கடிதம் வந்தபோது, எங்கேயோ எவரோ எழுதிய கதைக்கு நம் வீட்டு விஷயம் எப்படித் தெரிந்தது என்று ஆறு வாரம் நடுங்கினேன். அதனால்தான் பதில் எழுதவில்லை. நீயே எழுதினாய் என்று எனக்குத் தோன்றவேயில்லை பார். வாய் பேசாதவள் இவ்வளவு எழுதுவாள் என்று யார் கண்டது?

முடிவு எனக்கும் பிடிக்கவில்லை. இளையவளுக்குக் குரல் திரும்பி வருகிறது, முதல் வேலையாக அக்காவைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கோட்டைக் கதவைச் சாத்தச் சொல்கிறாள். நீயும் அப்படிச் சொல்லலாம். நியாயம்தான்.

தொண்டை ஆபரேஷன்காரர் நேற்று பரிசோதனைக்கு வந்தார். பேசலாம் என்று டாக்டர் சொன்னார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றோம். மூன்று மாதம் கழித்து முதல் வார்த்தை என்ன சொன்னார் தெரியுமா? “ஃபேனை நிறுத்துங்க, குளிருது.” எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். நான் துணி மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்து விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். மே 24, சனிக்கிழமை, மதியப் பேருந்து. சீட்டு வாங்கிவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதினால் வரவில்லை.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. மூன்று நாள் கோபமாக இருந்தேன். சிரித்ததற்கு இல்லை, அது மனதுக்குள் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. படிப்பு ஏறவில்லை என்று நீ சொன்னது எனக்குத் தெரியாது. அம்மாவே அப்படி நினைத்தாள் என்றுதான் இருந்தேன். நேற்று அம்மாவிடம் கேட்டேன். வாயால் கேட்டேன். “அவ சொன்னா நான் நம்பிடுவேனா? நீ போக மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டே. நான் என்ன, கதவை ஒடைக்கவா முடியும்?” என்றாள். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “ஒடைச்சிருக்கலாம்” என்றாள். ஒத்தடத்துக்கு நான் வெந்நீர் போட்டேன். கோபம் போய்விட்டது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது உன்னால் மட்டும் இல்லை. ‘வருகை’ என்னால்தான் நின்றது. அதை உன் கணக்கில் எழுதாதே.

எனக்கு வலித்தது வேறு. அந்த நாளுக்கு அப்புறம் நீ என்னைக் கேலி பண்ணுவதையே நிறுத்திவிட்டாய். கோட்டான் இல்லை, ஊமை இல்லை, தலையில் குட்டு இல்லை. ‘சாப்பிட்டியா’, ‘தண்ணி வேணுமா’ என்று விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசினாய். பிறகு ஊருக்கே போய்விட்டாய். ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தில் கோட்டான் என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் வைத்தேன். நீ எடுத்துக்கொள்ளவில்லை. இந்த முறை உறையைப் பிரித்து முதல் வரியைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கூடத்தில் ஒரு புதுத் தொல்லை. தைக்கிற அக்கா, “அவ்வளவு பெரிய பாவம் பண்ணி எடுத்தியே, அந்த நாலுல அப்படி என்னதான் இருக்கு? சொல்லு” என்று கேட்டுவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதை முழுவதையும் சொன்னேன். மூன்று நாள் ஆயிற்று. அடிக்கடி நின்றது. நிற்கும்போதெல்லாம் பசைக்காரர், “வண்டி ஸ்டேஷன்ல நிக்குது, யாரும் எறங்காதீங்க” என்பார். நாலாவது ஃபாரத்தை அச்சில் இருக்கிறபடி ஒரு தடவை, நான் உனக்கு எழுதியபடி ஒரு தடவை சொன்னேன். தைக்கிற அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டாவதுதான் நெசம், அச்சுல தப்பா அடிச்சிருக்கான்” என்றாள். மேஸ்திரியின் சாப்பாட்டு டப்பா கடைசிவரை மூடியே இருந்தது.

வரும்போது அந்தப் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வா. நூலைப் பிரித்து, இரண்டாவதாக இருக்கும் ஐந்தை எடுத்துவிட்டு, நாலை வைத்துத் தைத்துத் தருகிறேன். அதன் பின்னாலேயே நான் எழுதியதையும் ஒரு பெரிய தாளில் எழுதி மூன்று மடிப்பு மடித்து வைக்கிறேன். முடிவையும் மாற்ற வேண்டும். அதை நீ எழுது. படகு வேண்டாம்.

துணி மூட்டையை நான் எடுப்பதற்கு முன்பே அம்மா எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன். கூட்டமாக இருக்கும், நீ என்னைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நீ படியில் கால் வைத்ததும் வீட்டில் உனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, ‘மகாராணி!’ என்று கத்துவேன். முதல் எழுத்தில் இரண்டு மூன்று தடவை நின்றாலும் விட மாட்டேன். நிலையமே திரும்பிப் பார்க்கும், சிரிக்கும். நீயும் சிரி.

இப்படிக்கு,
உன் கோட்டான்